சுண்ணாம்பு காய்வதற்குள் எடுத்த படம்

அன்புள்ள ரதமேஸ் அண்ணனுக்கு,

உன் தங்கை யுதெல்கா எழுதுவது. உன் தோள் வலி குறைந்து, வேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி நன்றாகத் தூங்கி நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று கன்னித்தாயைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வரியில் நாங்கள் இங்கே நலம் என்று எழுதத்தான் கை போகிறது, நாலு வருடமாக அம்மா சொல்லச் சொல்ல அப்படித்தானே எழுதி வருகிறேன். இன்றைக்கு அதை எழுத முடியவில்லை. உன் சொந்தப் பெயரையும் நாலு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் எழுதுகிறேன். எழுதியவுடனே கையால் மூடிக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், பார்க்க ஆள் இல்லை, அப்படியும் மூடினேன். அம்மா பகலில் சொல்லி நான் எழுதிய கடிதம் பொட்டலத்தின் மேலேயே இருக்கிறது, அது வழக்கம்போல அன்செல்மோவுக்கு, அதில் மரவள்ளி ரொட்டியை ஈரம் படாமல் வை, கொய்யா மிட்டாயை எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்துவிடாதே, குளிரில் தோளைத் திறந்து போடாதே என்றெல்லாம் இருக்கும். இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவது. ரொட்டியைச் சுற்றி அம்மா தைத்த துணியின் ஓரத்தைப் பிரித்து உள்ளே வைத்து மறுபடி தைத்துவிடுவேன். தபாலில் போட்டால் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது சொல்லலாம் என்றால் நெரெய்தா அக்கா கடை போனில் பேசுவது ஊர் நடுவில் நின்று கத்துவது மாதிரி. நாளைக் காலை இங்கிருந்து கிளம்பி உன்னிடம் வருகிற ஒரே ஆள் அந்த போட்டோக்காரர்தான். அவரைப் பற்றி அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன், வழியில் அவர் பிரித்துப் படித்துவிட்டால் நம் கதை அதோடு முடிந்தது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அவர் இப்போது உன் கட்டிலில்தான் தூங்குகிறார்.

நீ ஏன் அண்ணே அவரிடம் எங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னாய்? உன்னை அணியில் சேர்த்துவிட்ட துலியோ அவரைத் தன் பைக்கின் பின்னால் ஏற்றி வந்து இறக்கிய அன்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார், "அன்செல்மோதான் சொன்னான், எங்கம்மா கையால ஒரு தடவ சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் போட்டோ எடுக்கவே மறந்துடுவீங்கன்னு." அம்மாவுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வது என்றே தெரியவில்லை. துலியோ முகம் மட்டும் இறுகிப்போயிருந்தது. அவர் பெயர் ரமீரோ. கலிபோர்னியாவில் ஒரு பத்திரிகையில் படம் எடுப்பவர். அம்மா அப்பா மெக்சிகோவிலிருந்து போனவர்களாம், அதனால் நம் பாஷைதான் பேசுகிறார், ஆனால் ஆரஞ்சுப் பழத்துக்கு ஒரு சொல், பஸ்ஸுக்கு ஒரு சொல் என்று எல்லாம் வேறு மாதிரி, அவர் கடையில் வாயைத் திறந்தாலே நெரெய்தா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். நம் ஊர்களிலிருந்து அங்கே போய் பேஸ்பால் ஆடுகிறவர்களை எல்லாம் அவர் ஒரு வருடமாகத் தொடர்ந்து எடுக்கிறாராம். மைதானத்தில் எடுப்பது எல்லோரும் செய்வது, அவன் கிளம்பி வந்த கதவு, அவன் சாப்பிட்ட தட்டு, அவனைப் பெற்றவள், இதெல்லாம் பத்திரிகையில் வர வேண்டும், அப்போதுதான் இவர்களும் மனிதர்கள் என்று அங்கே இருப்பவர்களுக்கு உறைக்கும் என்று சொன்னார். கெட்ட எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் நாங்கள் ஜாக்கிரதையாக இருந்திருப்போம்.

அவர் வருவதற்கு முந்தைய நாள் துலியோ நம் வரிசை வீடுகளில் இருக்கும் எல்லோரையும் மாமரத்தடியில் கூப்பிட்டு நிறுத்தி, "இந்தாளு திரும்பிப் போற வரைக்கும் ரதமேஸ்னு ஒருத்தன் இந்த ஊர்ல பொறக்கவே இல்ல, புரியுதா? சின்னப் பிள்ளைங்க உட்பட" என்றான். நெரெய்தா அக்கா சும்மா இருப்பாளா, "அப்ப எம் பொண்ணு பின்னாடியே சுத்திட்டு இருந்தவன் யாருடா, பேயா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். துலியோவும் சிரித்துவிட்டு, "பேய்தான்க்கா, ஆனா தொண்ணூறு மைல் வேகத்துல எறியற பேய்" என்றான். அம்மா சிரிக்கவில்லை. யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இந்தக் கரும்பாலைக் குடியிருப்பில் பாதி வீட்டில் இப்படி ஒரு பையன் இருக்கிறான், ஒருத்தனுக்கு வயது குறைந்திருக்கிறது, ஒருத்தன் சித்தப்பா மகன் பெயரில் இருக்கிறான். ஆனால் அவர்கள் எல்லாம் உயிரோடு இருப்பவர்களின் பெயரைக் கடன் வாங்கியவர்கள். நம் வீட்டில்தான் அப்படி இல்லை.

நான் தொட்டிலில் கிடந்தபோது காய்ச்சலில் போய்விட்டான் என்பதைத் தவிர உன் தம்பி அன்செல்மோவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த மழையில் ஆறு பெருகிப் பாதை அடைபட்டதையும், நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் போனதையும் நீதான் ஒரு தடவை சொன்னாய். புதைத்த பிறகு அவன் இறந்ததைப் பதிவு செய்ய யாரும் நகரத்துக்குப் போகவில்லை. அப்பா அந்த வருடமே தலைநகரத்துக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அதனால்தான் அரசாங்கத்துக்கு அன்செல்மோ இன்னும் உயிரோடு இருக்கிறான். இருபது வயதாகிவிட்டது என்று உன்னை எடுக்க எந்த அணியும் முன்வராதபோது, பதினாறு வயது அன்செல்மோ இருக்கிறானே என்று துலியோதான் கண்டுபிடித்தான். அன்றைக்கு அவன் நம் வீட்டிலிருந்த ஒரே போட்டோவை, நீயும் அன்செல்மோவும் மூன்று ராஜாக்கள் திருநாளில் பரிசாக வந்த மரக்குதிரையோடு நிற்பதை, அடுப்பில் போட்டான். கல்லறையில் இருந்த சிலுவைக்கு அவனே சுண்ணாம்பு அடித்து பெயரை மறைத்தான். அம்மா அதற்குப் பிறகு ஆண்டு நினைவுக்கு ஜெபம் சொல்கிற பெண்ணைக் கூப்பிடவே இல்லை, கூப்பிட்டால் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். உன்னிடம் போனில் பேசும்போது கவனித்திருக்கிறாயா, கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் மகனே என்று மட்டும் சொல்வாள், பெயரைச் சொல்லவே மாட்டாள். அந்தப் பெயரால் உன்னைக் கூப்பிட அவளுக்கு வாய் வராது, உன் பெயரால் கூப்பிட அனுமதி இல்லை.

இந்த போட்டோக்காரர் வேலை செய்கிற முறை ஒரு தினுசு. துலியோ எங்களை வரிசையாக நிற்க வைத்து, சிரி, நெஞ்சை நிமிர்த்து என்பான். அவரும் கேமராவைத் தூக்கி இரண்டு தடவை அழுத்துவார். முடிந்தது, நன்றி என்பார். நாங்கள் மூச்சை விட்டுத் தோளைத் தொங்கப் போடுவோம், அப்போதுதான் நிஜமாக எடுப்பார். பையன்கள் துடைப்பக் கட்டையால் பாட்டில் மூடியை அடித்து விளையாடுகிற இடத்தில் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தார், அவர் இருப்பதை அவர்கள் மறக்கும்வரை கேமராவைத் தொடவே இல்லை. நான் கேட்டேன், ஏன் ஐயா இப்படி என்று. "ஜனங்க என்னைப் பாக்குற வரைக்கும் அது என் படம், பாப்பா. என்னை மறந்தப்புறம்தான் அது அவங்க படம்" என்றார். அன்றிலிருந்து நான் அவரை ஒரு நிமிடம்கூட மறக்கவில்லை. அம்மா மறந்துவிட்டாள்.

அவர் வந்த மறுநாள், அம்மா மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள், அவர் எதிரில் உட்கார்ந்து, "அன்செல்மோ சின்ன வயசுல எப்படிம்மா இருப்பான்?" என்று கேட்டார். நாங்கள் இதற்குத் தயாராக இருந்தோம். உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், மாட்டுத் தோலில் பந்து தைத்தது, கரும்பு வண்டியின் பின்னால் ஓடியது, துலியோ எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தான். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அண்ணே, அவள் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். நாலு வருடமாக யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. அவள் அன்செல்மோவைப் பற்றியே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவனுக்குத் தவளை என்றால் பயம், மழை பெய்தால் அம்மா பாவாடைக்குள் வந்து ஒளிந்துகொள்வான், சோற்றில் அடிப்பிடித்ததை மட்டும் சுரண்டித் தின்பான், பாட்டு வந்தால் நிற்கவே மாட்டான், இடுப்பை ஆட்டுவான், எல்லாம் இடது கைதான், கரும்பைக்கூட இடது கையில் பிடித்துத்தான் கடிப்பான், எத்தனை அடி வாங்கினாலும் மாற்றிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொண்டே சிரித்தாள், அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து, "இடது கையா? நான் பாத்தப்ப அவன் வலது கைலதானேம்மா எறிஞ்சான்?" என்றார். நான் குறுக்கே புகுந்து, பள்ளிக்கூடத்தில் டீச்சர் அடித்து மாற்றிவிட்டார்கள் என்றேன். "அடிக்கு மாறலன்னு இப்பத்தானே அம்மா சொன்னாங்க" என்றார், கோபமாக இல்லை, வேடிக்கையாகத்தான். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு எத்தனை அண்ணன்க பாப்பா?" என்றார். நான் ஒருத்தன்தான் என்றேன். வேறு என்ன சொல்வேன்? அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. கிழங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, அதற்குப் பிறகும் தட்டில் கையை வைத்து எடுக்கிறாளே தவிரச் சாப்பிடுவதில்லை. இரத்த அழுத்த மாத்திரையைக்கூட நான் வாயில் போட்டால்தான் உண்டு.

நேற்று இறந்தவர்கள் நாள். போட்டோக்காரரைக் கல்லறைப் பக்கம் கூட்டிப்போகக் கூடாது என்று துலியோ சொல்லியிருந்தான், ஆனால் ஒரு பையனை அணிக்காரர்களிடம் காட்ட வேண்டும் என்று அவன் விடிந்ததும் தலைநகரத்துக்குப் போய்விட்டான். அம்மா வாளியும் தேங்காய் மட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இவர் ஓடி வந்து, "குடுங்கம்மா, எங்க ஊர்லயும் இன்னிக்குக் கல்லறைக்குப் போவோம், எங்கம்மா வாளிய நான்தான் தூக்குவேன்" என்று வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அம்மா சுண்ணாம்பைக் கரைத்தபோதே நான் சொன்னேன், "அம்மா, இது வெறும் தண்ணியா இருக்கு, ஒட்டவே ஒட்டாது" என்று. "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்றாள். அங்கே ஊரே இருந்தது, எல்லோரும் சிலுவைக்கு வெள்ளை அடித்துக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, ரம் கொஞ்சம் தரையில் ஊற்றிக்கொண்டு. அம்மா அந்தச் சின்னச் சிலுவைக்கு முன் மண்டியிட்டு, தேங்காய் மட்டையால் பழைய சுண்ணாம்பை ரொம்ப நேரம் தேய்த்தாள். பிறகு அந்தத் தண்ணீர்ச் சுண்ணாம்பைப் பூசினாள்.

நீ பார்த்திருப்பாய் அண்ணே, ஈரச் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்காது, கண்ணாடி மாதிரி இருக்கும், காய்ந்தால்தான் வெளுக்கும். அவள் பூசிய உடனே அடியிலிருந்த கறுப்பு எழுத்துகள் மேலே வந்துவிட்டன. அன்செல்மோ, நம் குடும்பப் பெயர், பிறந்த வருடம், போன வருடம், எல்லாம் தெளிவாக. நான் பயந்து போய், அம்மா தள்ளு என்று என் பாவாடையால் மறைக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஒவ்வொரு வருடமும் என்னைக் கல்லறை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு அவள் ஏன் தனியாக உள்ளே போய் வெள்ளையடித்தாள் என்று. வருடத்துக்கு ஒரு தடவை, அது காய்கிற வரைக்கும் மட்டும், அவளுக்கு அந்தப் பெயர் கிடைக்கிறது. பின்னால் கேமராச் சத்தம் கேட்டது. நான் திரும்பினேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணே, இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். அந்தச் சத்தம் கேட்டபோது அம்மா கொஞ்சம் நகர்ந்தாள். மறைப்பதற்காக நகரவில்லை. சிலுவை முழுதாகத் தெரியும்படி ஒதுங்கி உட்கார்ந்தாள். மறுபடியும் சத்தம் கேட்டது.

வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிட்டது, ஒன்றும் இல்லாத வெள்ளைச் சிலுவையாகிவிட்டது. இது யாருடையது என்று கேட்டார். எங்கள் மாமா என்றேன். அவர் அந்த மண்மேட்டின் நீளத்தைப் பார்த்தார், நான் கையை விரித்தால் எட்டிவிடும் நீளம். "ரொம்பச் சின்ன மாமாவா இருந்திருப்பாரு போல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.

இன்றைக்குச் சாயங்காலம் துலியோ வந்து என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டான். யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். "கல்லறைல என்னத்த எடுத்தான்?" என்றான். தெரியாது என்றேன். "உனக்குத் தெரியாதா? நீ பள்ளிக்கூடத்துல கெட்டிக்காரிதானே. நல்லாக் கேட்டுக்கோ. அந்தப் படம் பேப்பர்ல வந்தா உங்கண்ணன மறுநாளே பிளேன்ல ஏத்திடுவாங்க. அடுத்த குடியிருப்புல இருக்கானே, கைல துணி சுத்திட்டுக் கரும்பு வெட்டிட்டு, அவனும் ரெண்டு வருஷம் அங்க எறிஞ்சவன்தான். உங்கண்ணன் மட்டும் இல்ல, என் பையனுங்க அத்தன பேரையும் தோண்டுவாங்க, நெரெய்தா மகன் உட்பட. ஊரே உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கு அவன் உங்க வீட்லதானே படுக்கறான். பை கட்டிலுக்குக் கீழதான் இருக்கும். உள்ள இருக்குற பிலிம் சுருள எல்லாம் எடுத்துட்டு விடியறதுக்குள்ள எங்கிட்ட வா. திருட்டு இல்ல இது, உன் அண்ணன் சோறு" என்றான். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

சுருள்கள் இப்போது என் மடியில் இருக்கின்றன. அவர் அசந்து தூங்கியபோது எடுத்தேன். எல்லாம் ஒரே மாதிரி சின்ன டப்பாக்கள், எதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஒன்றில் அம்மா கிழங்கு சீவுகிறாள், ஒன்றில் நம் வரிசைப் பையன்கள், ஒன்றில் நீயே இருக்கலாம், அங்கே எடுத்த நீ. வெளிச்சத்தில் இழுத்துவிட்டால் போதும், துலியோவிடம் கொடுக்கக்கூட வேண்டாம், எல்லாம் அழிந்துவிடும், உன் வேலை பிழைக்கும், வீட்டுக் கூரை பிழைக்கும், நான் பள்ளிக்கூடம் போவேன். ஒன்றை எடுத்துத் திறக்கப் பார்த்தேன். அடுப்பில் போட்ட அந்தப் போட்டோதான் நினைவுக்கு வந்தது. அன்செல்மோ இந்த உலகத்தில் இருந்தான் என்பதற்கு இப்போது இருப்பது இது ஒன்றுதான், அதை நானும் அழித்தால் துலியோவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அழிக்காவிட்டால் உன்னை நானே கரும்புக் காட்டுக்குக் கூட்டி வந்த மாதிரி. என்ன செய்வது என்று தெரியாமல்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதினால் தெளிவு வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

மேலே எழுதியதோடு நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அம்மா தூங்கவே இல்லை அண்ணே. இருட்டிலிருந்து, "அதையெல்லாம் இருந்த எடத்துலயே வை" என்றாள். நான் கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், மடியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, தூங்குகிறவர் கட்டிலுக்குக் குனிந்து, பையில் அவளே வைத்தாள். துலியோ கேட்பானே அம்மா என்றேன். "கேக்கட்டும், நான் பேசிக்கறேன். எங்கிட்டருந்து எடுத்துட்டுப் போக அவனுக்கு இன்னும் என்ன இருக்கு?" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அண்ணன் வேலை போய்விடும் அம்மா, நீ ஏன் ஒதுங்கி உட்கார்ந்தாய் என்று அழுதேன். கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "ரெண்டு ஆம்பளப் பிள்ள பெத்தேன். ஒருத்தன் சாப்பிடணும்னு இன்னொருத்தன் பேர எடுத்துக் குடுத்தேன். இப்பக் கூப்பிடறதுக்கு ரெண்டு பேருமே இல்ல. அன்னிக்கு நீ ஒருத்தன்னு சொன்ன பாரு, அது பொய்யின்னு ஒரு ஆளுக்காவது தெரியட்டும்னு தோணுச்சு. தோணிடுச்சு, செஞ்சுட்டேன். அவன் சோத்துல மண்ணப் போடணும்னு செய்யல."

நான் ரகசியமாக எழுதிய கடிதத்தின் மீதியை இப்போது அவளே சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பொட்டலம் வந்ததும் அந்த மனிதரிடம் நீயே பேச வேண்டுமாம். நாங்கள் சொன்னால் பயத்தில் சொல்வது போலிருக்கும், உன் வாயால் உன் பெயரைச் சொல்லி, என் தம்பி ஒருத்தன் இருந்தான் என்று அவரிடம் சொல், பத்திரிகையில் போட வேண்டாம் என்று கேள். தன் அம்மாவுக்கு வாளி தூக்கியவர், கேட்பார் என்று அவள் சொல்கிறாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் கல்லறையில் எடுத்த படத்தில் ஒன்றை அம்மாவுக்கு அனுப்பச் சொல். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா மரவள்ளி ரொட்டி எப்படி வந்தது என்று கேட்பாள். அவர் ஒப்புக்கொண்டால் முழுசாக வந்தது என்று சொல். இல்லை என்றால் நொறுங்கிப்போயிற்று என்று சொல், கடையில் இருப்பவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள், நாங்கள் வீட்டுக்கு வந்து உன் கட்டிலைத் தட்டிப் போட்டு வைக்கிறோம். அப்படி வந்தாலும் வெட்கப்பட்டுக்கொண்டு தலைநகரத்தில் அப்பா மாதிரித் தங்கிவிடாதே, நேராக வீட்டுக்கு வா என்கிறாள். தோளுக்கு எண்ணெய் தேய்க்கும்போது மேலிருந்து கீழே தேய்க்க வேண்டும், கீழிருந்து மேலே தேய்த்தால் வலி ஏறும். ராத்திரி காதை மூடிப் படு. மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எழுதச் சொல்கிறாள், நம்பாதே.

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் ரதமேஸ், என் மகனே. இதைப் பெயரோடு எழுது என்று அம்மா சொன்னாள், இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னாள். படித்ததும் இந்தக் கடிதத்தை எரித்துவிடு, மறக்காதே. கடைசித் துண்டை மட்டும் வேண்டுமானால் கிழித்து வைத்துக்கொள். வழக்கமாக அம்மா போடுகிற சிலுவைக் குறி இதில் இல்லை. இந்தத் தடவை எழுத்துப் போட வேண்டும் என்றாள். கீழே இருக்கிற இரண்டும் அவள் போட்டவை. மலைபோல நடுவில் ஒரு கோட்டோடு இருக்கிறதே, அது அன்செல்மோவின் முதல் எழுத்து, சிலுவையில் பார்த்துப் பார்த்து அவளுக்கே தெரிந்திருக்கிறது, ஒரே இழுப்பில் போட்டுவிட்டாள். பக்கத்தில் கோணலாக இருப்பது உன்னுடையது. அது எப்படி இருக்கும் என்று கேட்டாள், நான் கையைப் பிடித்துப் போட வைத்தேன்.

உன் அம்மா தொமிங்கா,
எழுதியது உன் தங்கை யுதெல்கா.